அசைவம் என்று எண்ணப்பட்ட பவளம்

'அசைவம்' என்ற சொல் தமிழில் ஒரு விந்தையான வேலையைச் செய்கிறது. உணவகப் பலகையில் அது எழுதப்பட்டிருக்கும்போது உள்ளே கிடைப்பது ஆடா, கோழியா, மீனா, நண்டா என்று எதையும் அது சொல்வதில்லை. சைவத்தை நடுவில் நிறுத்தி, அதற்கு அப்பால் உள்ளவை அனைத்தையும் ஒரே முன்னொட்டுக்குள் அடைத்துவிடுகிறது. இந்நாட்டில் பெரும்பாலோர் புலால் உண்பவர்கள் என்பது அச்சொல்லுக்குப் பொருட்டே இல்லை. மொழியியலில் இதைக் குறியுற்ற வடிவம் என்பார்கள். எதை இயல்பு என்று ஒரு சமூகம் கருதுகிறதோ அது அடையாளம் ஏதுமின்றி நிற்கும். மற்றது எதிர்மறை ஒட்டைச் சுமந்துகொண்டு திரியும்.

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போரின் உலகிலும் இப்படி ஒரு சொல் உண்டு. 'ஒளிச்சேர்க்கை செய்யாத பவளங்கள்' என்பது அது. பேச்சில் அது 'என்.பி.எஸ்.' என்ற மூன்று எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. சற்று நின்று யோசித்தால் அந்தப் பெயரே பிழையானது. பவளம் ஒரு விலங்கு. எந்தப் பவளமும் தானாக ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் காணப்படும் பல இனங்களின் திசுக்களுக்குள் ஜூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவின் பெரும்பங்கைத் தங்கள் வீட்டுக்காரருக்கு வாடகைபோலக் கொடுக்கின்றன. அந்தக் குடித்தனக்காரர் இல்லாத பவளங்களே 'ஒளிச்சேர்க்கை செய்யாதவை' என்று அழைக்கப்படுகின்றன. இந்த அளவுகோலின்படி பசுவும் ஒளிச்சேர்க்கை செய்யாத பிராணிதான்.

வரலாற்றைப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. நவமணிகளுள் ஒன்றாகத் தமிழர் அறிந்த பவளம், கடலடியில் ஒளி குன்றிய பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் வளரும் செம்பவளம். மத்தியதரைக் கடலின் கொராலியம் ரூப்ரம் அவற்றுள் புகழ்பெற்றது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடற்பயண நூல்' முசிறித் துறைமுகத்தில் இறக்குமதியான பொருள்களின் பட்டியலில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. உரோமானியர் முத்துக்குக் கொடுத்த மதிப்பை இந்தியர் பவளத்துக்குக் கொடுத்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். அந்தச் செம்பவளத்தின் திசுக்களில் நுண்பாசிகள் இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் துகள்களைப் பிடித்து உண்டு வாழும் விலங்கு அது. ஆகவே 'பவளம்' என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் உரிய உயிரே ஒளிச்சேர்க்கையின் துணை இல்லாததுதான். பவளத்திட்டுகளின் பாசி சுமக்கும் இனங்கள் பின்னாளில் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. பழைய உரிமையாளருக்கு இன்று எதிர்மறை அடைமொழி மட்டும் எஞ்சியிருக்கிறது.

இது சொல்லாராய்ச்சியாக மட்டும் நின்றிருந்தால் ஒரு மாலைநேரப் பேச்சோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த எதிர்மறைப் பெயர் நடைமுறையில் ஒரு குறிப்பாகவும் வேலை செய்தது. இதற்கு என்ன தேவையில்லை என்பதை அது சொன்னது. என்ன தேவை என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் எண்ணற்ற உயிர்கள் மெல்லப் பட்டினியால் இறந்தன.

அவற்றுள் முதன்மையானது டென்ட்ரோநெஃப்தியா என்னும் பேரினம். கடைகளில் கார்னேஷன் பவளம் என்பார்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தண்டு. அதிலிருந்து கிளைவிட்டு, நுனிகளில் கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு நிறப் பாலிப்புகள். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டு உணர்நீட்சிகள். ஒவ்வொன்றின் இருபுறமும் இறகுபோல் நுண்ணிய சிறுகிளைகள். உள்ளே எலும்புக்கூடு கிடையாது; சதைக்குள் சுண்ணாம்பு நுண்முட்கள் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவே. உடலை நிமிர்த்தி நிறுத்துவது உள்ளே நிரம்பும் நீர். நீரை உள்ளிழுத்தால் முழங்கை உயரத்துக்கு விரியும் கூட்டம், நீரை வெளியேற்றினால் கைப்பிடிக்குள் அடங்கும் கசங்கிய துணியாகிவிடும். இந்தப் பண்பு பின்னால் வரும் கதைக்கு முக்கியமானது.

இப்பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றை வேறுபடுத்த நுண்முட்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும், நிறம் பயன்படாது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் திரட்டிய மென்பவளங்களைப் பற்றித் தாம்சனும் ஹெண்டர்சனும் 1906இல் வெளியிட்ட நூல் முதற்கொண்டு இன்றுவரை இக்குழுவின் வகைப்பாடு வல்லுநர்களையே திணறச் செய்துவருகிறது. கடைக்காரருக்கோ அனைத்தும் கார்னேஷன்.

2003இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் கடல்சார் அலங்கார உயிர்களின் வணிகம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மென்பவளங்களில் மிகுதியாக விற்கப்படுவனவற்றுள் சார்கோபைட்டானும் டென்ட்ரோநெஃப்தியாவும் அடங்கும் என்று அது குறிப்பிட்டது. முன்னது தொட்டியில் எளிதில் வாழ்ந்து பெருகும். பின்னது பெரும்பாலும் சில வாரங்களில் இறந்துவிடும். மிகுதியாக விற்கப்படுவதற்கும் விரைவில் இறப்பதற்கும் முரண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இறந்ததன் இடத்தை நிரப்ப இன்னொன்று வாங்கப்படும்.

அவை ஏன் இறந்தன? உணவு கொடுக்காமல் அன்று. பலர் தவறாமல் கொடுத்தார்கள். ஒளியில் வாழாதது இரையைப் பிடித்து உண்ண வேண்டும். உணர்நீட்சிகள் வேறு இருக்கின்றன. ஆகவே இது புலாலுண்ணி என்ற ஊகம் இயல்பாகவே எழுந்தது. சூரியப் பவளம் எனப்படும் டுபாஸ்ட்ரேயாவின் அனுபவம் அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தது. அதுவும் பாசியற்ற பவளந்தான், ஆனால் கல்பவள வகையைச் சேர்ந்தது. பெரிய வாய், சொட்டுக்குழலால் இறால் துண்டை ஒவ்வொரு பாலிப்பின் அருகிலும் கொண்டுபோனால் அது பற்றி விழுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் காட்சியின் நிறைவு பெரிது. அதே முறையில் கார்னேஷனுக்கும் ஆர்ட்டீமியா குஞ்சுகளைப் பொரிக்கவைத்துக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே எதிர்மறைப் பெயருக்குள் அடைபட்டிருந்ததால் இரண்டுக்கும் ஒரே பந்தி என்று முடிவாயிற்று.

1995இல் கத்தரினா ஃபாப்ரீசியஸ், யெஹுதா பெனயாஹு, அமாத்சியா கெனின் ஆகிய மூவர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரை அந்த முடிவைக் கவிழ்த்தது. செங்கடலின் அக்காபா வளைகுடாவில் வாழும் டென்ட்ரோநெஃப்தியா ஹெம்ப்ரிச்சி ஏறத்தாழ முழுவதும் தாவர மிதவையுயிரிகளையே உண்டு வாழ்கிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. விலங்கு மிதவையுயிரிகளை அது அரிதாகவே பிடிக்கிறது. அதன் கொட்டும் செல்கள் வலுக்குறைந்தவை; துள்ளி ஓடும் இரையைச் செயலிழக்கச் செய்யும் திறன் அவற்றுக்கு இல்லை. ஆனால் இறகுபோன்ற சிறுகிளைகள் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவிலான நுண்பாசிகளை அரித்தெடுக்க ஏற்றவை. ஆர்ட்டீமியா குஞ்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சல்லடைக்குப் பூசணிக்காயைக் கொடுத்துவிட்டு மாவு சலிக்கவில்லை என்று குறைகூறியது போலாயிற்று. அசைவம் என்று எண்ணி இறைச்சி படைக்கப்பட்ட அந்தப் பிராணி, கறாரான சைவம்.

(ஓர் எச்சரிக்கை: அந்த ஆய்வு செங்கடலின் ஓர் இனத்தைப் பற்றியது. இந்தோனேசியக் கடலிலிருந்து வந்து பெயர் தெரியாமல் கடைத்தொட்டியில் தொங்கும் இன்னோர் இனத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு கிளைமொழியை ஆராய்ந்து மொழி முழுவதற்கும் இலக்கணம் எழுதும் ஆசை எல்லாத் துறைகளிலும் உண்டு.)

உணவு எது என்று தெரிந்தபின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஏனெனில் கடலில் உண்பது என்ற வினை வேறு வகையானது. அதே குழுவினர் 'லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி' இதழில் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, இப்பவளங்களின் உணவூட்டமும் வளர்ச்சியும் நீரோட்டத்தின் வேகத்தைச் சார்ந்திருப்பதைக் காட்டியது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துச் சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு சாளரத்தின் வழியே நொடிக்குப் பத்துச் சென்டிமீட்டர் வேகத்தில் நீர் பாய்கிறது என்று கொள்வோம். நொடிக்கு ஒரு லிட்டர். நாளொன்றுக்கு 86,400 லிட்டர். உள்ளங்கை அளவுள்ள ஒரு பவளத்தைத் தொட்டுச் செல்லும் கடல் அவ்வளவு. அந்த நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் உணவு மிகச் சொற்பம். ஆனால் அது வற்றுவதில்லை, நிற்பதுமில்லை, ஒருமுறை கடந்துபோன நீர் திரும்பி வருவதுமில்லை.

200 லிட்டர் தொட்டியில் அதே வேகத்தை மோட்டார் வைத்து உண்டாக்கிவிடலாம். ஆனால் அதே 200 லிட்டர் நாளைக்கு 432 முறை சுற்றிச்சுற்றி வரும். முதற் சில சுற்றுகளுக்குள் உணவு அரிக்கப்பட்டோ, வடிகட்டியில் சிக்கியோ, மூலையில் படிந்தோ போய்விடும். மீதிச் சுற்றுகளில் ஓடுவது வெறும் நீர். ஒருவேளைக்கு அள்ளி ஊற்றினால் பயனில்லை; இரவும் பகலும் துளித்துளியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால், உண்ணப்படாதது அழுகி நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறும். அவை சேராமல் தடுக்க வைத்திருக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், உணவையும் நுரையோடு சேர்த்து வெளியே தள்ளும். ஊட்டும் கையும் துடைக்கும் கையும் ஒரே தட்டில் மோதிக்கொள்கின்றன.

பவளத்தொட்டி வளர்ப்போர் இத்தனை ஆண்டுகளாகப் போற்றிவந்த இலட்சியம் தெளிந்த நீர். பாசி சுமக்கும் பவளங்களுக்கு அது சரி; ஒளி ஊடுருவ வேண்டும். தமிழிலும் 'தெளிவு' உயர்ந்த சொல், 'கலக்கம்' தாழ்ந்த சொல். ஆனால் இந்தப் பிராணிக்குத் தெளிந்த நீர் என்பது காலித் தட்டு.

கலங்கிய நீரில் அதன் உறவினர்கள் எப்படிச் செழிக்கிறார்கள் என்பதற்குக் கரிஜோவா ரீசி சான்று. அதுவும் பாசியற்ற, எட்டு உணர்நீட்சிப் பவளம். பனித்துகள்போல் வெண்மையான பாலிப்புகள் கொண்டது. 1972இல் ஹவாயின் பேர்ல் துறைமுகத் தூண்களில் கண்டறியப்பட்டது. 2001இல் மாவித் தீவை அடுத்த ஆழ்நீரில் கருப்புப் பவளக் காடுகளையே அது போர்த்தி மூடியிருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் அதிர்ந்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் அது பதிவாகியுள்ளது. ஒரே வாழ்முறை; ஓரிடத்தில் அழைக்காமல் வந்து ஆக்கிரமிக்கிறது, வேறோரிடத்தில் பார்த்துப் பார்த்து ஊட்டினாலும் மடிகிறது.

ஐதராபாத்தில் தாவர உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்துவரும் தமிழ்ப் பெண் ஒருவர் இந்தக் கட்டுரைகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் தொடங்கினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அறியாமையால் வாங்கியவர் அல்லர். கடைக்காரர், 'இது வெளிச்சமே கேட்காது மேடம், விளக்குச் செலவு மிச்சம்' என்று சொன்னபோது அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரரிடம் விடை இல்லை. அப்போதே திரும்பியிருக்கலாம் என்று பின்னாளில் அவருடைய தோழியர் சிலர் சொன்னார்கள். அந்தக் கொத்து ஏற்கெனவே பாதி சுருங்கியிருந்தது. அங்கேயே விட்டால் ஒரு வாரம் தாங்காது என்று அவருக்குத் தோன்றியது. தனக்கென்று நினைத்து வாங்கும் பொருளை மீட்பு என்று பெயரிட்டு வாங்குவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடப்பது. அவர் விஷயத்தில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டாவது மாடி வாடகை வீடு. 200 லிட்டர் தொட்டி, கோடைக்காகச் சில்லர், மின்தடைக்காக இன்வெர்ட்டர். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் நான்கு கண்ணாடிக் குடுவைகள். நான்கிலும் காற்றுக்குழாய் குமிழியிட, நான்னோக்ளோராப்சிஸ் பச்சையாகவும் ஐசோகிரைசிஸும் தலாசியோசிராவும் பழுப்பாகவும் வளர்ந்தன. இந்த வித்தை இந்தியாவுக்குப் புதிதன்று. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நுண்பாசி வளர்ப்பில் நீண்ட அனுபவம் உடையது. இறால், மீன் குஞ்சு பொரிப்பகங்களில் கான்வே ஊடகத்தில் பாசி வளர்ப்பது அன்றாட வேலை. ஆனால் பொரிப்பகத்தில் தொட்டியோடு ஊற்றுவார்கள். வீட்டில் ஊடகத்தோடு ஊற்றினால் அதில் மிச்சமிருக்கும் நைட்ரேட்டும் தொட்டிக்குள் போகும். செல்களை மட்டும் பிரித்தெடுக்க ஆய்வகச் சுழற்பியைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை. தலைமை ஆய்வாளரின் முகம் நினைவுக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்து, அடியில் படிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அரைமணிக்கு ஒருமுறை டோசிங் பம்ப் சில மில்லிலிட்டர் பச்சை நீரைத் தொட்டிக்குள் சொட்டும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர்மாற்றம். அதாவது 20 லிட்டர் எதிர்ச்சவ்வூடுபரவல் நீர், லிட்டருக்கு 35 கிராம் வீதம் 700 கிராம் செயற்கைக் கடலுப்பு. மாதத்துக்கு 21 கிலோ. வடிகட்டி ஒதுக்கிய நீரால் வீடு துடைக்கப்பட்டது, துணி அலசப்பட்டது, மாடிச் செடிகள் நனைந்தன. உப்பு வாங்கும் தொகையைக் குறித்துவைப்பதை மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டார்.

காரைக்குடியிலிருந்து அவருடைய தாயார் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் அழைப்பார். மகள் சாப்பிட்டாளா என்று கேட்டபின் அடுத்த கேள்வி அந்தப் பிராணியைப் பற்றியதாக இருக்கும்.

'என்னடி, அது சாப்பிட்டுச்சா?'

'சாப்பிட்டிருக்கும்மா.'

விடையின் வினைமுற்றைக் கவனிக்கலாம். 'சாப்பிட்டது' என்று அவர் சொல்லவில்லை. 'இருக்கும்' என்ற துணைவினை, பேசுபவர் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை, ஊகித்துச் சொல்கிறார் என்பதைக் காட்டுகிறது. தமிழில் இது விருப்பத்தைப் பொறுத்தது. வேண்டுமானால் 'சாப்பிட்டது' என்றும் சொல்லிவிட்டுப் போகலாம், இலக்கணம் தடுக்காது. தென்னமெரிக்காவின் அமேசான் பகுதியில் பேசப்படும் துயூகா மொழியில் அப்படி நழுவ முடியாது. கண்டதா, வேறு புலனால் உணர்ந்ததா, தடயத்திலிருந்து ஊகித்ததா, கேள்விப்பட்டதா என்று வினைவிகுதியே சொல்லியாக வேண்டும். பவளம் வளர்ப்போர் தங்கள் குறிப்பேடுகளை அம்மொழியில் எழுதியிருந்தால் பல உயிர்களின் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஏனெனில் அவருடைய குறிப்பேட்டில் முதல் எட்டு வாரமும் வேறு வகையான வாக்கியங்களே இருந்தன. 'காலை 6 மணி, முழுவதும் விரிந்துள்ளது, நன்றாக உண்கிறது.' 'இரவு 10 மணி, பாலிப்புகள் திறந்துள்ளன, நன்றாக உண்கிறது.' தொலைபேசியில் ஊகமாக இருந்தது, ஏட்டில் ஏறும்போது உண்மையாகிவிட்டது. விரிந்திருப்பது கண்ணால் கண்டது. உண்கிறது என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள். பாலிப்பு திறந்திருந்தால் அது முயல்கிறது என்று மட்டுமே கொள்ளலாம். நீரில் உணவின் மணம் இருந்தால் பட்டினிகிடக்கும் கூட்டமும் விரியும். உடலை நிமிர்த்துவது நீர் என்பதால், உள்ளே சதை கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே உயரம் குறைந்ததாகத் தெரியாது. மெலிவதை மறைக்கும் கலையில் இப்பிராணியை விஞ்சியது இல்லை.

ஒன்பதாம் வாரத்தில் சிறு துணுக்குகள் உதிரத் தொடங்கின. சில பாலிப்புகள் மட்டும் கொண்ட, கடுகைவிடச் சற்றே பெரிய துணுக்குகள். இது சாவின் அறிகுறி என்றார் ஒரு நண்பர். பெருக்கத்தின் அறிகுறி என்றார் இன்னொருவர். இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு இருந்தது. டென்ட்ரோநெஃப்தியா ஹெம்ப்ரிச்சி இப்படித் துணுக்குகளைத் தானே உதிர்த்து, அவை வேர்போன்ற நீட்சிகளால் புதிய இடத்தில் பற்றிக்கொண்டு வளர்வதை டஹானும் பெனயாஹுவும் 1997இல் விவரித்திருந்தார்கள். எய்லாத் கரையில் மனிதர் கட்டிய செங்குத்துக் கட்டுமானங்களை அது விரைவாக நிரப்பியதற்கு இந்த உத்தி உதவுகிறது. எனவே உதிர்வது கேள்வியன்று; உதிர்ந்தவை பற்றிக்கொள்கின்றனவா என்பதே கேள்வி. பற்றிக்கொண்டவை சில. பற்றியபின் வளர்ந்தது ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவர் தம் துறைப் பழக்கத்துக்குத் திரும்பினார். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து எடுத்துவந்த ஒளிப்படங்களை எடுத்துவைத்து, ஒரு கிளைநுனியைத் தேர்ந்து, அதிலிருந்த பாலிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முதல் வாரத்திலிருந்து எண்ணிவர மூன்று இரவுகள் ஆயின. எண்ணிக்கை மூன்றாம் வாரத்திலிருந்தே குறைந்துகொண்டு வந்திருந்தது. ஏட்டில் 'நன்றாக உண்கிறது' என்று எழுதப்பட்ட அத்தனை நாளும் அது குறைந்துகொண்டுதான் இருந்தது.

அதன்பின் சொட்டும் அளவு இருமடங்காயிற்று, இன்னொரு மோட்டார் வந்தது, ஸ்கிம்மர் இரவில் நிறுத்தப்பட்டது, நைட்ரேட் ஏறியது, நீர்மாற்றம் கூடியது. சரிவின் வேகம் குறைந்தது, திசை மாறவில்லை. இருபத்தொன்றாம் வாரத்தில் தண்டு பாறையிலிருந்து கழன்றது. சில வாரங்களில் இறந்துவிடும் என்று எழுதப்பட்ட ஒன்று ஐந்து மாதம் இருந்தது. இதனை வெற்றி என்று பதிவிடுவோர் உண்டு. விரிந்த கோலத்தில் எடுத்த படத்தோடு 'ஐந்து மாதமாக என் தொட்டியில்' என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது.

இத்துறையில் நிலைத்துவிட்ட குறை இதுதான். விரிந்திருக்கும்போது எடுத்த படங்கள் பரவுகின்றன. இறப்புகள் எவர் ஏட்டிலும் ஏறுவதில்லை. எதிர்மறை முடிவுகளை இழுப்பறையில் பூட்டிவைக்கும் பழக்கத்தை ஆய்விதழ்கள் கொஞ்சமேனும் வெட்கத்தோடு பேசத் தொடங்கியிருக்கின்றன. பொழுதுபோக்கு உலகில் அந்த வெட்கமும் இல்லை. அடுத்து வாங்குபவர் அந்தப் படங்களை மட்டுமே பார்க்கிறார்.

வணிகத்தின் கணக்கேடும் உதவாது. கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள் ஆகியவற்றின் பன்னாட்டு வணிகம் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் கீழ் அனுமதியும் பதிவும் கோருகிறது. டென்ட்ரோநெஃப்தியா அந்தப் பட்டியல்களில் இல்லை. இந்தியாவில் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், தீப்பவளங்கள், ஆர்கன்குழாய்ப் பவளம், கடல்விசிறிகள் ஆகியவை சேர்க்கப்பட்டன. மரம்போன்ற இந்த மென்பவளத்தின் பெயர் அந்தச் சேர்க்கையில் இடம்பெறவில்லை. எத்தனை பிடிக்கப்பட்டன, எத்தனை விமானத்தில் இறந்தன, எத்தனை தொட்டியில் இறந்தன என்று கூட்டிச் சொல்ல எந்த ஏடும் இல்லை. இந்நிலையில் கடையில் இதை வாங்காமல் இருப்பதே முறை. எவ்வளவு படித்தவரானாலும், எத்தனை குடுவை பாசி வளர்த்தாலும் இதில் விலக்கு இல்லை.

ஆனால் 'வளர்க்கவே கூடாது' என்று முடித்துவிடவும் இயலாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் போர்ட் ஸ்டீபன்ஸ் என்னும் கழிமுகம் உள்ளது. அங்கு வாழும் டென்ட்ரோநெஃப்தியா ஆஸ்திராலிஸ், காலிஃபிளவர் மென்பவளம் என்று அழைக்கப்படுகிறது. குட்டி மீன்களும் கடற்குதிரைகளும் அதன் கிளைகளுக்குள் ஒண்டி வாழ்கின்றன. மணல் நகர்ந்து மூடுவது, நங்கூரம், தூண்டில் நரம்பு எனப் பல காரணங்களால் அதன் பரப்பு வெகுவாகச் சுருங்கி, இன்று அழிவாபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கே ஆய்வாளர்கள் தொட்டிகளில் அதனை இனப்பெருக்கம் செய்யவைத்து, இளவுயிரிகளைப் பற்றவைத்து வளர்த்து, மீண்டும் கடலில் நட்டிருக்கிறார்கள். அந்தக் குஞ்சுப் பவளங்களைத் தொட்டிக்குள் உயிரோடு வைத்திருக்க, அவற்றுக்கு என்ன ஊட்டுவது, எவ்வளவு வேகத்தில் நீரை ஓடவிடுவது, வளர்கிறதா தேய்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது என்ற அதே கேள்விகளைத்தான் எதிர்கொள்ள வேண்டும். ஐதராபாத்துச் சமையலறையில் விடை கிடைக்காத கேள்விகள் அவை. அங்கே விடையைச் சார்ந்து ஓர் இனமே இருக்கிறது.

ஐதராபாத்துப் பெண் தம் குறிப்பேட்டைத் திருத்தாமல் முழுமையாகப் பொதுவெளியில் வைத்துவிட்டார். 'நன்றாக உண்கிறது' என்ற வரிகளும் அப்படியே உள்ளன. பக்கத்தில் பாலிப்பு எண்ணிக்கைக்கென்று புதிதாக ஒரு பத்தி. ஒளிப்படங்களும் நீர்ச்சோதனை அளவுகளும் இறந்த நாள்வரை வரிசையாக உள்ளன. இரண்டு பேர் நன்றி எழுதினார்கள். ஒருவர், எவ்வளவு விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தார்.

தொட்டி இன்னும் இருக்கிறது. புதிய பவளம் வாங்கவில்லை. ஐந்து மாதமாகச் சொட்டிய பச்சை நீரில், பாறையோடு ஒட்டிக்கொண்டு யாரும் விலைகொடுக்காமல் வந்து சேர்ந்த விசிறிப்புழுக்களும் சிறு கடற்பஞ்சுகளும் பின்சுவரெங்கும் படர்ந்துவிட்டன. அவற்றுக்காகப் பாசிக் குடுவைகளில் இரண்டை மட்டும் நிறுத்தாமல் வைத்திருக்கிறார். காரைக்குடியிலிருந்து இரவில் அழைப்பு வரும்போது, அந்தப் புழுக்கள் கண்ணாடியோரமாகச் சிறு சிவப்பு விசிறிகளை விரித்தபடி இருக்கும். நிழல் பட்டால் சட்டென்று குழலுக்குள் மறையும். சற்று நேரத்தில் மீண்டும் வரும். எத்தனை என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்.